சங்கத்தின் வலைத்தளமும் வாடிக்கைக்காரரின் வசதியும்

உற்பத்தி செய்வது தொழிலில் ஒரு பாதி. உற்பத்தி செய்ததை நியாயமான விலைக்கு விற்பது மறுபாதி. இந்த மறுபாதியை நெசவாளரும் விவசாயியும் தனித்தனியே நின்று செய்ய இயலாமற் போனதாலேயே கூட்டுறவு இயக்கம் நமக்கு அவசியமாயிற்று. 1844 டிசம்பர் 21 அன்று, இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், டோட் லேன் என்னும் தெருவில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களிற் பலர் நெசவாளர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில பண்டங்களே அக்கடையில் இருந்தன. ஆயினும் கலப்படமற்ற சரக்கும் குறையாத எடையும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அக்கடையை நிலைநிறுத்திற்று. நம் மாநிலத்தில் 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் தறிக்கும் கடைக்கும் இடையே அத்தகையதொரு பாலத்தை அமைத்தது. இன்று அது தன் விற்பனை நிலையங்களோடு இணையத்தின் வழியாகவும் துணிகளை விற்று வருகிறது.

பெரிய நிறுவனம் செய்வதை ஆரம்பச் சங்கமும் செய்யலாம். வில்லாபுரம், அவனியாபுரம் பக்கத்திலுள்ள ஒரு சிறு சங்கமும் சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் தனக்கென ஒரு வலைத்தளத்தை அமைத்துக்கொள்ள இயலும். ஆனால் அமைத்துவிட்டாலே விற்பனை பெருகிவிடும் என்று எண்ணுவது பிழை. வந்தவர் தேடியது கிடைக்காமல் திரும்பிப் போகும் தளம், பூட்டிய கடைக்கு ஒப்பானது. ஆகவே, வருபவருக்கு எளிதாய் இருக்கும்படி ஒரு விற்பனைத் தளத்தை அமைப்பது எங்ஙனம் என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது நமது நோக்கம். தளத்தை அமைப்பவர் வேறொருவராயினும், அது எவ்வாறு இருக்கவேண்டும் என்று சொல்லவேண்டியவர்கள் சங்கத்தாரே அன்றோ?

ஆளில்லாத கடை

வைய விரிவு வலை என்னும் இம்முறையை டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989-ல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வகுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிலையம் அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுச் சொத்தாக்கிற்று. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு 1995 ஆகஸ்டு 15 முதல் கிடைத்தது. அதன் பயனாக இன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர், மதுரைக்கு வராமலே மதுரைச் சுங்குடியை வாங்க இயலுகிறது.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைபவரை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் உட்காரச் சொல்கிறார், என்ன வேண்டும் என்கிறார், பத்துச் சேலைகளை விரிக்கிறார், முந்தியைக் காட்டுகிறார், சாயம் போகுமா என்று கேட்டால் பதில் சொல்கிறார். வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்கிறார்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். வலைத்தளத்திலோ கடைக்காரரும் இல்லை, தொட்டுப் பார்க்கத் துணியும் இல்லை. கடைக்காரரின் வாய் சொல்லவேண்டியதையும் வாடிக்கைக்காரரின் கை அறியவேண்டியதையும் அந்தப் பக்கமே தெரிவித்தாக வேண்டும். வலைத்தள அமைப்புக் கலையின் சாரம் முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது.

வருபவர் யார்?

தளத்தின் நிறம் யாது, படம் எங்கே என்று யோசிக்குமுன், அங்கே யார் எதற்காக வருவார்கள் என்று நிர்வாகக் குழு உட்கார்ந்து எழுதிப் பார்க்கவேண்டும். நம் போன்ற சங்கங்களுக்குப் பெரும்பாலும் நான்கு வகையினர் வருவார்கள். வீட்டு உபயோகத்திற்கு ஒன்றிரண்டு சேலை வாங்குபவர் முதலாமவர். நூறு சேலைக்கு விலை கேட்கும் வியாபாரி இரண்டாமவர். மல்லிகையின் இன்றைய விலையையும் வரத்தையும் அறிய விரும்பும் பூ வியாபாரி மூன்றாமவர். கூட்டத் தேதியையும் அறிவிப்புகளையும் பார்க்க வரும் நம் அங்கத்தினர் நான்காமவர்.

இந்த நால்வருக்கும் முதற் பக்கத்திலேயே நான்கு வழிகள் தெரியவேண்டும். 'சேலை வாங்க', 'மொத்தக் கொள்முதல்', 'இன்றைய பூ விலை', 'அங்கத்தினர்களுக்கு' என்று வாடிக்கைக்காரர் பேசும் சொற்களிலேயே அவ்வழிகளுக்குப் பெயரிடவேண்டும். 'எமது சேவைகள்', 'தயாரிப்புப் பிரிவுகள்' என்பன போன்ற பொதுப்பெயர்கள் எதையும் தெரிவிப்பதில்லை. சில தளங்களைத் திறந்தால் திறப்பு விழாப் படமும் வரவேற்புரையுமே கைப்பேசித் திரை முழுவதையும் அடைத்துக் கொள்கின்றன. நிர்வாகிகளின் படங்களுக்கு உரிய இடம் வேறு பக்கத்தில் உண்டு. சேலை வாங்க வந்தவர் முதலில் சேலையைக் காணட்டும்.

சங்கத்தின் பெயர், ஊர், தொலைபேசி எண், வேலை நேரம் ஆகிய நான்கும் எல்லாப் பக்கங்களின் அடியிலும் இருத்தல் அவசியம். முன்பின் அறியாத இடத்திற்குப் பணம் அனுப்புபவர், அவ்விடத்தில் உண்மையாகவே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது இயல்பு. எண்ணைத் தொட்டவுடன் கைப்பேசியில் அழைப்புப் போகும்படி அமைத்துவிட்டால், எண்ணைத் தனியே எழுதிக்கொள்ளும் சிரமமும் இல்லை.

சரக்கைச் சொல்லும் முறை

மதுரைச் சுங்குடி 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. துணியில் சிறு சிறு முடிச்சுகளை நூலாற் கட்டிச் சாயத்தில் தோய்த்து, பிறகு அவிழ்க்கும்போது சாயம் ஏறாத புள்ளிகள் தோன்றுவதே அதன் மரபான முறை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் வேண்டியிருக்கும். அவற்றைக் கையால் இடுபவர்கள் பெரும்பாலும் பெண்களே. மெழுகு அச்சாலும் திரை அச்சாலும் அதே தோற்றம் வரும்படி செய்யப்பட்ட சேலைகளும் சந்தையில் விற்கின்றன. அவற்றுக்கும் வாங்குவோர் உண்டு. அவற்றை விற்பதிலும் தவறில்லை. ஆனால் சிறு திரையில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றின் விலை மற்றொன்றைப்போல் பன்மடங்கு இருப்பது ஏன் என்று அவருக்கு யார் சொல்வது? பக்கம் சொல்லாவிட்டால் அவர் மலிவானதையே வாங்குவார். முடிச்சிட்ட கைகளுக்குக் கூலி கிடைக்காமற் போவது இப்படித்தான்.

ஆகவே ஒவ்வொரு சேலையின் பக்கத்திலும் பின்வருவனவற்றை ஒரே ஒழுங்கில் தருவது நலம்:

1. கைத்தறியா, விசைத்தறியா, கட்டுச் சுங்குடியா, அச்சா என்ற விவரம்.
2. நூல் பருத்தியா, பட்டா, கலப்பா. எத்தனையாம் நம்பர் நூல்.
3. நீளமும் அகலமும் மீட்டரில். ரவிக்கைத் துணி சேர்ந்ததா, இல்லையா. வேட்டியாயின் 4 முழம், 8 முழம் என்பதோடு மீட்டர் அளவும்.
4. விலை, தபால் செலவு, வந்து சேரும் நாள்.
5. துவைக்கும் முறை. முதற் சலவையில் சாயம் சிறிது இறங்குமாயின் தனியே துவைக்கவேண்டும் என்பதை மறைக்காமற் சொல்லுதல்.
6. மாற்றிக்கொள்ளவும் திருப்பி அனுப்பவும் உள்ள நிபந்தனை.

2006-ல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையையோ, 2015-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறி பிராண்டையோ பெற்றுள்ள சரக்காயின், அதன் சின்னத்தைக் காட்டி, அதன் பொருளையும் ஒரு வரியில் விளக்கவேண்டும். நெய்தவர் சம்மதித்தால் அவருடைய பெயரையும் நெய்வதற்கு ஆன நாட்களையும் குறிப்பிடலாம். நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைச் சேலையோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தைக் கோ-ஆப்டெக்ஸ் முன்னரே கைக்கொண்டுள்ளது.

படங்கள் நான்கு போதும்: முழுச் சேலை ஒன்று, முந்தி ஒன்று, கரை ஒன்று, நெசவின் இழை தெரியும்படி மிக அருகிலிருந்து எடுத்தது ஒன்று. காலை வெளிச்சத்தில், வெள்ளைச் சுவரின் முன் எடுத்தால் நிறம் பெரும்பாலும் உள்ளபடி வரும். அழகுக்காக நிறத்தைத் திருத்தவே கூடாது. படத்தில் குங்கும நிறமாய்க் கண்டது கையில் செங்கல் நிறமாய் வந்து சேர்ந்தால், சேலையும் திரும்பி வரும்; வாடிக்கைக்காரரோ திரும்பி வரமாட்டார்.

பூவின் பக்கம்

மல்லிகையின் கதை வேறு. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, பறித்த சில மணி நேரத்தில் விற்றாகவேண்டிய சரக்கு. முகூர்த்த நாளில் ஏறும் விலை மறுநாளே இறங்கும். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்துக் குறையும்போது கிலோ விலை ஆயிரங்களைத் தொடுவதுண்டு. ஆகையால் பூ வியாபாரி வர்ணனையைத் தேடி வருவதில்லை. விலை என்ன, எவ்வளவு கிடைக்கும், யாரிடம் பேசவேண்டும் என்ற மூன்றே கேள்விகளுடன் வருகிறார். பக்கத்தின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் விலையும், அதன் கீழ் அவ்விலை எழுதப்பட்ட தேதியும் மணியும், அடுத்துத் தொலைபேசி எண்ணும் இருந்தால் அப்பக்கம் நிறைவு பெற்றது.

தேதியும் மணியும் இல்லாத விலை, விலையே இல்லாததைவிடக் கெடுதல். மூன்று நாள் பழைய விலையை நம்பி லாரியோடு வந்த வியாபாரி, சங்கத்தின் சொல்லையே பிறகு நம்பமாட்டார். நாள்தோறும் மாற்றி எழுத ஆள் இல்லையெனில், விலைப் பக்கத்தை வைக்காமல் தொலைபேசி எண்ணை மட்டும் தருவதே உத்தமம்.

பணம் செலுத்தும் வழி

சரக்கைத் தெரிந்தெடுத்தவர் பணம் கட்டாமற் போவது பெரும்பாலும் கடைசிப் படிகளிலே நேர்கிறது. முதலில் உறுப்பினராய்ப் பதிவு செய்க, கடவுச்சொல் அமைக்க, பிறந்த தேதி தருக என்று தளம் கேட்கத் தொடங்குகிறது. ஒரு சேலை அனுப்புவதற்குப் பிறந்த தேதி எதற்கு? பெயர், விலாசம், பின்கோடு, தொலைபேசி எண் ஆகியவை போதுமானவை. தேவைக்கு மேல் விவரம் கேட்டால், அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் சங்கத்தின் தலையில் ஏறுகிறது. பதிவு செய்யாமலே வாங்கும் வழி இருக்கட்டும். 2016-ல் வந்த யூபிஐ முறை இப்போது தள்ளுவண்டிக் கடைவரை பரவியுள்ளதால், அதனைப் பணம் செலுத்தும் முதல் வழியாக வைக்கலாம்.

பின்கோடில் ஓர் எண் விட்டுப்போனால், 'பிழை' என்று சிவப்பில் காட்டிவிட்டு, எழுதிய அனைத்தையும் அழித்துவிடும் தளங்கள் உள்ளன. 'பின்கோடில் 6 எண்கள் வேண்டும். 5 மட்டுமே உள்ளன' என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொல்லி, மற்றவற்றை அப்படியே விட்டுவைப்பதே மரியாதை. பணம் சேர்ந்ததும், என்ன வாங்கினார், எவ்வளவு கட்டினார், என்று வரும் என்ற மூன்றையும் சொல்லி ரசீது காட்டவேண்டும். அதுவே அவர் கைப்பேசிக்குச் செய்தியாகவும் போகவேண்டும்.

இங்கே சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்போர் மொத்த விலையை ஒரே தொகையாகவும் அதன் பிரிவுகளோடும் காட்டவேண்டும். குறைகளைக் கேட்கும் அதிகாரியின் பெயரை வெளியிடவேண்டும். வந்த குறையை 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்கவேண்டும். வாங்குபவரின் சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைப்பதும் கூடாது. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாடிக்கைக்காரரை ஏமாற்றும் தள அமைப்புகளில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுத்துள்ளன. கையிருப்பு ஏராளமாய் இருக்க 'இன்னும் இரண்டே உள்ளன' என்று அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, விலையைச் சிறிது சிறிதாய்க் கடைசிவரை ஏற்றிக்கொண்டே போவது ஆகியவை அவற்றுட் சில. சரியான எடையிலே தொடங்கிய இயக்கத்தைச் சேர்ந்த நமக்கு இவை புதிய பாடங்களல்ல.

எழுத்தும் நிறமும்

தமிழில் வரும் வாடிக்கைக்காரருக்குத் தமிழிலும், வெளியூரார்க்கு ஆங்கிலத்திலும் தளம் இருத்தல் நலம். தமிழ் எழுத்துகள் யூனிகோட் முறையில் இருக்கவேண்டும். தமிழக அரசு 2010-ல் இம்முறையைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை மற்றவர் கைப்பேசியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும், தேடுவோர்க்கும் அகப்படா. விலைப்பட்டியலைப் படமாக எடுத்து ஒட்டுவதும் இதே குறையை உடையது. பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் என்று நம்புவதற்கில்லை. எனவே எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்; ஒவ்வொரு படத்திற்கும் 'அரக்கு நிறச் சுங்குடி, மஞ்சள் கரை' என்பதுபோல் ஒரு வரி விளக்கம் சேர்க்கட்டும்.

வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் இடுவது இக்கால நாகரிகம். வெயிலில் நின்று பார்ப்பவருக்கும் வயதானவருக்கும் அது புலப்படாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேற்றுமை குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது உலகளாவிய தரம். இதை அளந்து சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. பொத்தான்கள் விரல் நுனிக்கு அடங்கும் அளவிலும், ஒன்றோடொன்று நெருங்காமலும் அமைதல் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உள்ளமையால், 'கையிருப்பு உண்டு', 'இல்லை' என்பதை நிறத்தால் மட்டும் காட்டாமல் சொல்லாலும் எழுதவேண்டும்.

வேகமும் வசதியில் ஒரு பகுதியே. ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 1993-ல் எழுதிய நூலில், கருவி ஒரு வினாடிக்குள் பதில் தந்தால் மனத்தின் ஓட்டம் தடைப்படாது என்றும், பத்து வினாடியைத் தாண்டினால் கவனம் வேறிடம் போய்விடும் என்றும் கணக்கிட்டார். கைப்பேசியில் எடுத்த படத்தை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றுவதே நம் தளங்களின் தாமதத்திற்குப் பெரிய காரணம். ஏற்றுமுன் படத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். நகரும் எழுத்து, தானே ஒலிக்கும் பாட்டு, இடையிலே குதிக்கும் விளம்பரம் ஆகியவற்றை நீக்கச் சொல்லுங்கள்.

ஐவரைக் கொண்டு சோதித்தல்

தளம் எளிதா, கடினமா என்பதை அமைத்தவரும் சொல்ல இயலாது. நிர்வாகக் குழுவும் சொல்ல இயலாது. அவர்களுக்கு வழி முன்பே தெரியும். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். இதற்குச் செலவில்லை. சங்கத்தோடு தொடர்பில்லாத ஐவரை, முதியவர் ஒருவரும் இணையத்திற் பழகாதவர் ஒருவரும் உட்பட, தனித்தனியே அழையுங்கள். அவரவர் கைப்பேசியையே பயன்படுத்தட்டும். 'இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு நீலச் சுங்குடி தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் இடம்வரை செல்லுங்கள்' என்று ஒரு வேலை கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசாமற் பாருங்கள். வழி காட்ட நாக்குத் துடிக்கும், காட்டக் கூடாது. அவர் தயங்கிய இடம், தவறாய்த் தொட்ட பொத்தான், புரியாமல் இரண்டாம் முறை வாசித்த வரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூவர் ஒரே இடத்தில் தடுமாறினால் குறை மூவரிடமும் இல்லை, அவ்விடத்தில் இருக்கிறது. திருத்திய பின் வேறு ஐவரைக் கொண்டு மீண்டும் பாருங்கள்.

உடைமை யாருடையது?

முடிவாக, அங்கத்தினர்கள் மகாசபையில் கேட்கவேண்டிய சில கேள்விகள் உள. தளத்தின் பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாகியுள்ளதா, அமைத்துக் கொடுத்தவர் பெயரிலா? கடவுச்சொற்கள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றனவா? ஆண்டுதோறும் பெயரைப் புதுப்பிக்கும் தேதி யார் நாட்குறிப்பில் உள்ளது? தேதி தவறி அப்பெயர் பிறர் கைக்குப் போய்விட்டால், பல ஆண்டுகளாய் நம்மைத் தேடி வந்த வாடிக்கைக்காரர் வேறொருவர் கடையில் போய் நிற்பார். கூட்டுறவு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாக 'டாட் கூப்' என்ற பெயர்முடிவு 2000-ல் அங்கீகரிக்கப்பட்டுள்ளது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். பெயரைப் பார்த்த மாத்திரத்தில் இது சங்கத்தின் கடை என்று தெரிவது நமக்கு ஓர் அனுகூலம்.

விற்றுத் தீர்ந்த சரக்கை நீக்கவும், விலையைத் திருத்தவும், வந்த கடிதங்களுக்குப் பதிலெழுதவும் ஊழியர் ஒருவரைப் பெயர் குறித்து நியமித்து, அவ்வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கவேண்டும். கடையைத் தினமும் பெருக்கித் திறப்பது போன்றது அது.

கணக்கு எளியது. பத்துப் பேர் வந்து ஒன்பது பேர் வெறுங்கையோடு திரும்பினால், அந்த ஒன்பது சேலைகளும் அலமாரியில் தங்கும். தங்கிய சரக்குக்குப் போட்ட முதல் முடங்கும். முதல் முடங்கினால் அடுத்த பாவுக்கு நூல் வராது. நூல் வராத தறியில் கூலி இல்லை. திரையில் சரியாகத் தெரியாத ஒரு வரியின் விளைவு தறிக்குழிவரை வந்து சேருகிறது. ஆகவே நிர்வாகக் குழுக்கள் இவ்விஷயத்தைத் தளம் அமைப்பவரிடமே முழுதும் ஒப்படைத்துவிடாமல், அடுத்த கூட்டத்திலேயே தங்கள் தளத்தைக் கைப்பேசியில் திறந்து, ஒரு சேலை வாங்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.